மண்டபத்தில் வைத்து மாலையில் விட்ட கைது: நான்கு வருடம் கழித்து அதை நீக்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

நான் தென் மாவட்டம் ஒன்றில் தாலுகா கோர்ட்டில் வழக்காடும் வக்கீல். இங்கே எழுதுவது 2022 செப்டம்பரில் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் விஷயம். அவர் நர்சிங் டிப்ளமோ முடித்தவர், அப்போது வயது 24. அவரிடமும் அவர் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், ஸ்டேஷன் எதுவும் வேண்டாம் என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன். நடுவில் நான் எடுத்த ஒரு முடிவு அவருக்குக் கெடுதலாகப் போனது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பதால் அதையும் விவரமாகவே சொல்கிறேன்.

ஜூன் 2019

அந்தக் கோடையில் தமிழ்நாடு முழுக்கத் தண்ணீர் இல்லை. இவர்கள் தெருவுக்குப் பதினைந்து நாளாகக் குழாயில் தண்ணீர் வராமல், பெண்கள் காலிக்குடத்தோடு பஸ் போகும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்த இவரும் அம்மாவோடு போனார். ஒரு மணி நேரம் மறியல். அப்புறம் போலீஸ் வேன் வந்து 31 பேரை ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தது. பெயர், அப்பா பெயர், வயது, தெரு எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மதியம் சாப்பாடு கொடுத்தார்கள், மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தண்ணீரும் வந்துவிட்டது.

அன்று நடந்தது ஏதோ பிடித்து வைத்து விட்டது மாதிரிதான் எல்லாருக்கும் பட்டது. சட்டப்படி அது கைது. அன்றைக்கே குற்ற எண் போட்டு முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தது. சட்டவிரோதமாகக் கூடியதற்கு இந்திய தண்டனைச் சட்டம் 143, அரசு ஊழியர் உத்தரவை மீறியதற்கு 188, வழிமறித்ததற்கு 341. மூன்றும் ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள் என்பதால் ஸ்டேஷன் ஜாமீனில் விட்டதாக எழுதியிருந்தது. கையெழுத்து வாங்கியது அதற்குத்தான். அம்மா 9-வது எதிரி, மகள் 17-வது எதிரி. (காவல்துறை பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர் 'எதிரி'. அந்தத் தாளில் தன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் பார்த்தபோது அவர் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது.)

ஆகஸ்ட் 2022: பாஸ்போர்ட்

வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை உறுதியாகி, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். உங்கள் மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டார், தெரிந்து போடவில்லை. போலீஸ் விசாரணையில் குற்ற எண் வெளியே வந்து, அறிக்கை பாதகமாகப் போய், தகவலை ஏன் மறைத்தீர்கள் என்று விளக்கம் கேட்டு பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

"அக்கா, என் மேல கேஸே இல்லையே, அன்னைக்குச் சாயங்காலமே விட்டுட்டாங்களே" என்றார். அம்மா பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் வக்கீலம்மா, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதிவு எங்கெங்கே இருந்தது

முதலில் இதைத்தான் பார்த்தேன். கைதுப் பதிவு என்றால் ஒரே இடத்தில் ஒரு தாள் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை.

ஸ்டேஷன் பதிவேட்டில் இருந்தது. நாடு முழுக்கக் காவல் நிலையங்களை இணைக்கும் சிசிடிஎன்எஸ் கணினி அமைப்பில் இருந்தது. பாஸ்போர்ட், வேலை எதற்கு விசாரித்தாலும் போலீசார் முதலில் பார்ப்பது இதைத்தான். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் முதல் தகவல் அறிக்கையை மாவட்டம், ஸ்டேஷன், வருடம் வைத்துத் தேடி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நானும் அப்படித்தான் எடுத்தேன். 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்த வசதி இது. பாலியல் குற்றம், தீவிரவாதம், போக்சோ போன்ற நுட்பமானவை தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும், நில அமைப்பால் இணைய இணைப்பு சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை. அந்தத் தீர்ப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்காகவே வந்தது. தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒருவர் ஜாமீனுக்கு அலையக் கூடாது என்பதற்காக. ஆனால் அதே கதவு வழியாகத்தான் பக்கத்து வீட்டுக்காரரும் சம்பந்தி வீட்டாரும் உள்ளே வருகிறார்கள்.

இது தவிர, கைதானவர்களின் பெயர், முகவரியையும் கைது செய்த அதிகாரிகளின் பெயர், பதவியையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் போட வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 37-வது பிரிவு, பெயர், முகவரியோடு குற்றத்தின் தன்மையையும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும், டிஜிட்டல் வடிவிலும் காட்டச் சொல்கிறது. ஆளைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் குடும்பங்கள் தவித்த காலம் இருந்தது, அதற்கான பாதுகாப்பு இது, நான் இதற்கு எதிரானவள் இல்லை. என் வருத்தம் எல்லாம், பெயரைப் போடுவதற்கு இத்தனை விதி இருக்கிறதே, வழக்கு ஒன்றுமில்லாமல் போன பிறகு அதை எடுப்பதற்குப் பெரியவர்களுக்கு ஒரு பொதுச் சட்டம்கூட நம்மிடம் இல்லையே என்பதுதான். சிறார்களுக்கு 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு இருக்கிறது. கைரேகை, புகைப்படம் போன்ற அளவீடுகளுக்கு 2022-ல் வந்த அடையாளச் சட்டம் இருக்கிறது, அவற்றை 75 வருடம் வைத்திருக்கலாம் என்றாலும், முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ விடுதலையானாலோ அழிக்க வேண்டும் என்கிறது. இவரிடம் அளவீடு எதுவும் எடுக்கவில்லை, அதனால் அது இங்கே வரவில்லை.

ஐந்தாவதாக உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றில் மண்டபத்து வாசலில் எடுத்த போட்டோவும் சில பெயர்களும். அதில் இவர் பெயரும் இருந்தது.

கடைசியாக, நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் ஈகோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்தும் குற்ற எண்ணை வைத்தும் தேடினேன். ஒன்றும் இல்லை. நீதிமன்றத்திலும் நேரில் போய்ப் பார்த்தேன், இறுதி அறிக்கையே (குற்றப்பத்திரிகை) வரவில்லை. மூன்று வருடம் மூன்று மாதம் போலீஸ் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை.

முதல் முடிவு, அதில் நடந்த தவறு

சட்ட நிலை நமக்குச் சாதகமாக இருந்தது. இந்த மூன்று பிரிவுகளிலும் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதத்துக்குள். அப்படிப்பட்ட குற்றங்களுக்கு ஒரு வருடம் தாண்டினால் நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுக்க முடியாது, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468. கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை காலவரையறைக் கணக்கில் சேராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது, அதை அவர்களுக்கே விட்டுக்கொடுத்துக் கணக்குப் போட்டாலும் 2022 மே கடைசியோடு கெடு முடிந்துவிட்டது. 188-ஐப் பொறுத்தவரை, அதே நடைமுறைச் சட்டத்தின் 195-வது பிரிவுப்படி சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால்தான் செல்லும். போலீஸ் தானாக அதில் முதல் தகவல் அறிக்கை போட முடியாது என்று 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

பாஸ்போர்ட் பக்கமும் வழி இருந்தது. பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்வது 'நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள' வழக்கைத்தான். வெறும் முதல் தகவல் அறிக்கையும் விசாரணையில் உள்ள வழக்கும் இதில் வராது, நீதிமன்றம் கோப்புக்கு எடுத்திருந்தால் மட்டுமே நிலுவை என்று வெளியுறவுத் துறையே 2019 அக்டோபர் 10-ல் ஒரு அலுவலகக் குறிப்பு வெளியிட்டது. அதை வைத்து விளக்கக் கடிதம் தயார் செய்து செப்டம்பர் கடைசியில் அனுப்பினோம். சம்மன் வரவில்லை, நீதிமன்றத்தில் எண் இல்லை, வேண்டுமென்று மறைக்கவில்லை என்று எழுதி, ஈகோர்ட்ஸ் தேடலின் அச்சுப் பிரதியையும் வைத்தோம். இதுவரை சரியாகத்தான் போனது.

அதே வாரம் நான் இன்னொன்றும் செய்தேன். ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு மனு. கெடு தாண்டிவிட்டது, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று அறிக்கை போட்டுக் கோப்பை முடியுங்கள் என்று. ஏன் செய்தேன் என்றால், அதற்கு முன்பு இரண்டு பேருக்கு இப்படிக் கேட்டு முடித்துக் கொடுத்திருக்கிறேன், செலவும் இல்லை, உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதும் இல்லை. இவருக்கும் அதுவே நடக்கும் என்று நம்பினேன்.

நடக்கவில்லை. மனு போய்ச் சேர்ந்ததும் நிலுவைக் கோப்பு ஒன்று இருப்பது அங்கே கண்ணில் பட்டது, அவ்வளவுதான். நவம்பரில் 31 பேர் மேலும் இறுதி அறிக்கை தாக்கல் ஆனது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் 473-வது பிரிவு மனுகூட அதோடு இல்லை. டிசம்பரில் நீதிமன்றம் அதைக் கோப்புக்கு எடுத்து எஸ்.டி.சி. (சுருக்கமுறை விசாரணை வழக்கு) எண் கொடுத்துவிட்டது. எங்கள் பாஸ்போர்ட் விளக்கம் அங்கே பரிசீலனையில் இருக்கும்போதே, நாங்கள் 'இல்லை' என்று சொன்ன வழக்கு 'இருக்கிறது' என்று ஆகிவிட்டது. ஈகோர்ட்ஸிலும் அவர் பெயர் முதல்முறையாக ஏறியது.

ஸ்டேஷன் எழுத்தரான ரைட்டரிடம் கேட்டேன். "மேடம், நீங்க மனு போடலைன்னா இது அப்படியே கிடந்திருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அன்று இரவு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, இது என் கணிப்புத் தவறால் வந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இனிமேல் என்ன செய்யலாம் அக்கா என்று மட்டும் கேட்டார்.

ஐநூறு ரூபாயில் முடிக்கும் வழி

2023 ஜனவரியில் சம்மன் வந்தது. நீதிமன்ற வாசலில் கோர்ட் கான்ஸ்டபிள் எல்லாரையும் கூட்டி வைத்து, ஒத்துக்கிட்டு ஐநூறு கட்டிட்டுப் போங்க, இன்னைக்கே முடிஞ்சிரும், இல்லைன்னா வாய்தா வாய்தான்னு அலையணும் என்றார். ஒவ்வொரு சிறு வழக்கிலும் நடப்பதுதான் இது. அடுத்த மாதம் லோக் அதாலத் நாளையொட்டி இப்படிப்பட்ட வழக்குகளை மொத்தமாக முடித்தபோது 31 பேரில் ஏழு பேர் ஒப்புக்கொண்டு கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது சிரமம்.

ஆனால் அந்த ஐநூறு ரூபாய் ரசீதுக்கு அர்த்தம் 'குற்றவாளி'. கைது என்பது ஒரு சந்தேகம், அபராதம் கட்டிய பிறகு அது தீர்ப்பு. அரசு வேலைச் சான்றுறுதிப் படிவங்களில் கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டிக்கப்பட்டீர்களா என்று தனித்தனியாகக் கேட்பார்கள், கட்டியவர் நான்குக்கும் 'ஆம்' போட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீட்டு வழியையும் 375-வது பிரிவு கிட்டத்தட்ட அடைத்துவிடுகிறது, தண்டனையின் அளவு, சட்டத்தன்மை பற்றி மட்டும் கேட்கலாம்.

இவரும் அன்று வாசலில் கட்டிவிடலாமா என்று என்னைப் பார்த்தார். மருத்துவமனை கொடுத்த கெடு மார்ச் கடைசி. வேண்டாம் என்றேன். விசாரணை நடத்தி விடுதலை வாங்குவதும் முதல் தேர்வு இல்லை. வருடக்கணக்கில் இழுக்கும் என்பது ஒன்று. விடுதலை எந்தக் காரணத்தில் கிடைக்கிறது என்பது இன்னொன்று. உதாரணமாகத் தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் விளக்கக் குறிப்பு இருக்கிறது. நர்ஸ் வேலைக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், பட்டியலில் இருந்த மூன்று பையன்கள் போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போவது என்று முடிவு செய்தோம்.

மதுரைக் கிளை, 2023

பிப்ரவரியில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-வது பிரிவில், வழக்கை ரத்து செய்யக் கேட்கும் கிரிமினல் ஓ.பி. மனு தாக்கல் ஆனது, மனுதாரர்கள் தாயும் மகளும். தாமதம் ஒரு காரணம், 188-க்கு முறையான புகார் இல்லாதது இன்னொன்று, குடிநீர் கேட்டு அமைதியாக உட்கார்ந்ததில் சட்டவிரோதக் கூட்டத்துக்கான பொது நோக்கம் எங்கே என்பது மூன்றாவது. 31 பேரில் யார் என்ன செய்தார்கள் என்று முதல் தகவல் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. நேரில் ஆஜராவதிலிருந்து இடைக்கால விலக்கு கிடைத்தது.

ஜூலையில் உத்தரவு. அரசுத் தரப்பு கொரோனா விலக்கைச் சொன்னது, நாட்கணக்கு அட்டவணை மனுவிலேயே இருந்ததால் அது நிற்கவில்லை. மனுதாரர்களைப் பொறுத்தவரை வழக்கு ரத்து.

அந்த 'மனுதாரர்களைப் பொறுத்தவரை' என்ற சொற்களை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். உத்தரவு மற்ற எதிரிகளுக்கும் பொருந்தும் என்று சில வழக்குகளில் நீதிமன்றமே சொல்லும், கேட்டால் பரிசீலிக்கும். நாங்கள் கேட்கவில்லை. மீதி 29 பேரில் ஏழு பேர் கட்டிவிட்டார்கள், ஒரு பாட்டி இடையில் இறந்துவிட்டார், 21 பேர் அப்படியே நின்றார்கள். ஆகஸ்டில் அவர்களுக்காக இரண்டாவது மனு போட்டோம், நவம்பரில் அதுவும் ரத்தானது. அதில் பெண்கள் 14 பேர். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, 12-வது பிரிவுப்படி பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இதை முதல் மனுவிலேயே பயன்படுத்தியிருந்தால் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டியதில்லை.

வேலை? மார்ச்சிலேயே போய்விட்டது. குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவர்கூட விசாரணை நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் பெறலாம், 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட அரசு அறிவிக்கை இருக்கிறது. நீதிமன்றம் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். மருத்துவமனை குறைந்தது இரண்டு வருடம் செல்லுபடி கேட்டது, அதனால் அந்த வழியை நான் ஒதுக்கிவிட்டேன். நீதிமன்றத்தில் நீண்ட காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ரத்து மனு ஒரு பக்கம், அனுமதி மனு ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டியிருக்க வேண்டும்.

உத்தரவு கையில் வந்த பிறகு

பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். உத்தரவு வந்துவிட்டது, சான்றிட்ட நகலை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உயர் நீதிமன்ற உத்தரவு தானாக நடந்து போய் ஸ்டேஷன் கணினியில் ஏறாது.

நாங்கள் சான்றிட்ட நகல்கள் ஆறு வாங்கினோம். ஒன்று விசாரணை நீதிமன்றத்துக்கு, எஸ்.டி.சி.யில் இவர்கள் பெயருக்கு நேரே முடிந்ததாகப் பதிவாக வேண்டும் என்று மெமோவோடு. ஒன்று ஸ்டேஷனுக்கு, சிசிடிஎன்எஸ்-ல் வழக்கின் நிலையை மாற்றக் கோரும் கடிதத்தோடு. ஒன்று எஸ்.பி. அலுவலகத்தில் குற்ற ஆவணங்களைப் பார்க்கும் பிரிவுக்கு. மூன்றிலும் நேரில் கொடுத்து, நம்மிடம் இருக்கும் பிரதியில் பெற்றுக்கொண்ட சீலும் தேதியும் வாங்கினோம். ஸ்டேஷனில் சீல் போட இரண்டு முறை மறுத்தார்கள், மூன்றாம் முறை பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டு நேரிலும் போனதும் போட்டார்கள்.

செப்டம்பரில் புது பாஸ்போர்ட் விண்ணப்பம். விசாரணைக்கு வந்த காவலர் போனில் பார்த்துவிட்டு, இன்னும் பெண்டிங்னு காட்டுதேம்மா என்றார். ஆறு வாரம் ஆகியும் மாறவில்லை. அந்தச் சீல் போட்ட பிரதிதான் அன்று காப்பாற்றியது. அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய், அறிக்கை நல்லபடியாகப் போனது. அக்டோபரில் பாஸ்போர்ட் வந்தது, பத்து வருடத்துக்கு.

இணையத்தில் மிச்சம்

செய்தித் தளத்துக்கு உத்தரவின் நகலோடு எழுதினோம். செய்தியையே எடுக்கச் சொல்லவில்லை. தண்ணீருக்காகப் பெண்கள் உட்கார்ந்தது நடந்த செய்தி, அது இருக்கட்டும், பெயர்களை மட்டும் எடுங்கள் என்றோம். பத்து நாளில் எடுத்துவிட்டார்கள். போட்டோ இருக்கிறது, அதைப் பற்றி அம்மாவுக்கு வருத்தமில்லை.

நான் எதிர்பார்க்காத இடம் வேறு. ரத்து உத்தரவு அவருடைய முழுப் பெயரோடு தீர்ப்புத் தொகுப்புத் தளங்களில் ஏறியது. அதற்கு முன்பு அவர் பெயரைத் தேடினால் நாலாவது பக்கத்தில் ஒரு செய்தி, இப்போது முதல் பக்கத்தில் அரசுக்கு எதிராக அவர் பெயரில் ஒரு குற்றவியல் வழக்கு. திறந்து முழுசாகப் படிப்பவருக்கு அது நல்ல சான்று, தலைப்போடு நிற்பவருக்கு அப்படி இல்லை.

இதில் சட்டம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. வழக்கில் விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்டதை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, அதற்கு ஒரு சட்டம் வர வேண்டும் என்று சொல்லித் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இரு நீதிபதிகள் உத்தரவை நம்பி நாங்கள் ஒரு மனு தயார் செய்திருந்தோம், தாக்கல் செய்யாமல் வைத்துவிட்டோம்.

படிவங்களில் என்ன எழுதுவது

2024-ல் இங்கேயே ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது இந்தக் கேள்வி வந்தது. வழக்கு ரத்து, அதனால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடலாமா என்று கேட்டார். கேள்வியை அப்படியே வாசிக்கச் சொன்னேன். நிலுவையில் வழக்கு உண்டா என்றால் இல்லை. தண்டிக்கப்பட்டீர்களா என்றால் இல்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றால் ஆம், அடுத்த வரியில் தேதி, குற்ற எண், ரத்து உத்தரவின் எண், நகல் இணைப்பு. அவ்தார் சிங் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், சொல்லிவிட்டால் வேலை கொடுப்பவர் குற்றத்தின் தன்மையைப் பார்த்து முடிவு செய்யலாம், சாதாரண விஷயத்தை மறைத்திருந்தால் மன்னிக்கவும் இடமுண்டு, ஆனால் அது அவர் கையில். கோஷம் போட்டது போன்ற சின்ன விஷயத்தை மறைத்து, மறைத்ததற்காகவே வேலையை இழப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அவர் உண்மையை எழுதினார். நேர்காணலில் இரண்டு நிமிடம் அதைப் பற்றிக் கேட்டார்களாம், என்னத்துக்காக மறியல் என்று. தண்ணீருக்கு என்று சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்தது.

மறுபடி இப்படி ஒன்று வந்தால்

கெடு தாண்டிய, இறுதி அறிக்கை வராத வழக்கு என்றால் ஸ்டேஷனுக்கு மனு போட்டுத் தட்டி எழுப்ப மாட்டேன். முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே நேராக ரத்து மனு. புதிய சட்டத்தில் 482-க்குப் பதில் 528, 468-க்குப் பதில் 514, 195-க்குப் பதில் 215. கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு என்றால் கணக்கு வேறு, அப்போது பொறுத்திருப்பதே நல்லதாக இருக்கலாம், தேதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பட்டியலில் உள்ள எல்லாரையும் முதலிலேயே கூப்பிட்டுப் பேசுவேன். ஏழு பேர் கட்டியது என் மனதில் உறுத்துகிறது, சம்மன் வந்த அன்று அவர்களோடு பத்து நிமிடம் நின்று பேசியிருந்தால் நடந்திருக்காது. நான் என் கட்சிக்காரரை மட்டும் பார்த்தேன்.

ரத்து மனுவிலேயே, உத்தரவை இணையத்தில் ஏற்றும்போது மனுதாரர் பெயரை மறைக்கும்படி ஒரு கோரிக்கையையும் சேர்ப்பேன். கொடுப்பார்களா என்பது வேறு விஷயம், கேட்காமல் விட்டது தவறு.

அப்புறம், மண்டபத்தில் வைத்து விட்டுவிட்டார்கள் என்று யார் வந்து சொன்னாலும், விளையாட்டாகச் சொன்னாலும், குற்ற எண் இருக்கிறதா என்று அன்றைக்கே இணையத்தில் பார்த்துவிடுகிறேன்.

இப்போது

அவர் இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறார், வெளிநாட்டுக்கு மறுபடி முயற்சி செய்கிறார். சிசிடிஎன்எஸ்-ல் நிலை மாறிவிட்டது, ஆனால் அந்த முதல் தகவல் அறிக்கையின் பிரதி இணையத்தில் இன்றும் எடுக்கக் கிடைக்கிறது. போலீஸ் தேர்வுக்குப் படித்த மூவரில் ஒருவர் அபராதம் கட்டிய ஏழு பேரில் இருக்கிறார். அவரும் இன்னொருவரும் அந்தத் தண்டனையை எதிர்த்துப் போட்ட சீராய்வு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மீதி ஐந்து பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள், அதில் ஒருவர் தெருவில் என்னைப் பார்த்தால் இன்னும், கட்டியாச்சுல்லம்மா, அது முடிஞ்சிருச்சுல்ல என்று கேட்கிறார்.